சொர்ணத்தின் ஒரிஜினல்கள்

பூந்தமல்லி தாண்டி டிரங்க் ரோட்டில் இருந்த தேவரத்னா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சொர்ணம் நர்ஸாகச் சேர்ந்த அன்றைக்கே, அவளுடைய ஒரிஜினல் சான்றிதழ்கள் ஆறையும் ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பத்தாவது மார்க் ஷீட், பன்னிரண்டாவது மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், நர்ஸிங் டிப்ளமோ, மூன்று வருஷப் படிப்பின் மார்க் ஷீட்டுகள் சேர்த்துத் தைத்த ஒரு கட்டு, நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்த சான்று.

"எங்ககிட்ட இருந்தா பத்திரம்மா," என்றார் நிர்வாக அதிகாரி சண்முகசுந்தரம். "உங்க ஏரியால ஒரு மழைக்கே தண்ணி உள்ள வந்துடும். இங்க மூணாவது மாடி, இரும்பு பீரோ."

சொர்ணம் சேக்காட்டுக்காரி. மழைக்குத் தண்ணீர் உள்ளே வருவது உண்மைதான். ஆனால் பீரோ எதற்கென்று அங்கே வேலை பார்த்த எல்லா சிஸ்டருக்கும் தெரியும். ஒரிஜினல் உள்ளே இருந்தால் நர்ஸ் வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட மாட்டாள். சம்பளம் தள்ளிப் போனாலும், நைட் டூட்டி மேல் நைட் டூட்டி போட்டாலும் வாயைத் திறக்க மாட்டாள். தெரிந்தே கொடுத்தாள். வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற தூரத்தில் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி வேறு இல்லை.

அந்த ஆறு காகிதத்துக்குப் பின்னால் ஒரு குடும்பமே இருந்தது. அவள் அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் நாற்று நட்டுக் களை எடுத்துப் பிழைத்தவர்கள். நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் அபார்ட்மென்ட் ஆனபோது அப்பா ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். அந்தக் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் சொர்ணம். டிப்ளமோ வாங்கிய அன்று அப்பா அதை வேட்டியில் துடைத்த கையால் வாங்கி, எந்தப் பக்கம் மேல் என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் வேம்புலிக்கு அவளைக் கட்டிவைத்தபோதும், "பொண்ணு நர்ஸு" என்பதுதான் முதலில் பேசப்பட்ட பேச்சு.

பத்து வருஷம் பெண்கள் வார்டில் வேலை பார்த்தாள். நல்ல நர்ஸ் என்று பெயர் எடுத்தாள். நரம்பு கிடைக்காத கையில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டுமென்றால் மற்ற வார்டிலிருந்தும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை, சில வருஷம் இரண்டு முறை, அவள் வேறொரு வேலையும் செய்தாள். மருத்துவ சீட்டுகளுக்கு அனுமதி கொடுக்க டில்லியிலிருந்து இன்ஸ்பெக்ஷன் வரும். ஆஸ்பத்திரியில் அறுநூறு படுக்கை என்று காகிதத்தில் இருந்தது. நிஜத்தில் நூற்றைம்பது நிரம்பினால் பெரிய விஷயம். அதனால் இன்ஸ்பெக்ஷன் வரும் நாளில் விடியற்காலையே வேன்கள் கிளம்பும். பட்டாபிராம், திருவேற்காடு, சேக்காடு என்று தெருத் தெருவாகப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும். வந்தவர்களுக்கு நீலக் கவுன் மாட்டி, கையில் ஊசி குத்தி, படுக்கையில் படுக்க வைப்பார்கள். சாயங்காலம் சாப்பாடும் ஒரு புடவையும் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். அவர்களுக்கெல்லாம் நோய் எழுதி, மூன்று நாள் காய்ச்சல் சார்ட் எழுதி, கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாக எழுத வேண்டியது நர்ஸுகள்.

ஒரு முறை சொர்ணத்தின் வார்டுக்கு வந்து படுத்தது அவள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கும் ராஜம்மா.

"இன்னா சொர்ணம், எனுக்கு இன்னா நோவுன்னு போட்டுகீற?"

"ஆஸ்துமாக்கா."

"அய்ய, அதுக்கு எப்டி இருமணும்?"

பக்கத்துப் படுக்கைகளில் சிரிப்பு கிளம்பியது. சொர்ணத்துக்கும் சிரிப்பு வந்தது. ஏதோ பழக்கத்தில் ராஜம்மாவின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தாள். சர்க்கரை முந்நூற்றுப் பத்து. டூட்டி டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"சிஸ்டர், இவங்க ஆஸ்துமா கேஸ்," என்றார் அந்த இளம் டாக்டர், குரலைத் தாழ்த்தி. "சுகர்னு எழுதினா அதுக்கு வேற ட்ரீட்மென்ட் காட்டணும். இன்னிக்கி விட்டுடுங்க."

அவள் விட்டுவிட்டாள். சார்ட்டில் ஆஸ்துமா என்றே எழுதினாள். சாயங்காலம் வேன் ஏறும்போது ராஜம்மாவின் காதோடு சொன்னாள்: "அக்கா, உனுக்கு நெஜமாவே சக்கரை கீது. நாளைக்கே கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போ." ராஜம்மா போனாள். அன்றிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறாள். "நடிக்கப் போன எடத்துல நோவக் கண்டுபுடிச்சிக்கினு வந்தேன்" என்று தெருவில் அதை ஒரு வேடிக்கையாகச் சொல்லித் திரிந்தாள். சொர்ணத்துக்கு அது வேடிக்கையாக இல்லை. நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இல்லாத நோயை எழுதிய கை தன்னுடையது என்பது அவளுக்குப் பல நாள் உறுத்தியது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, பதினோரு கார்கள் ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்தன. மத்திய அரசின் விசாரணை அதிகாரிகள். சி.பி.ஐ. என்று ஒரு வாட்ஸ்அப் சொன்னது, அமலாக்கத்துறை என்று இன்னொன்று சொன்னது, இன்கம்டாக்ஸ் என்று லிஃப்ட் ஆபரேட்டர் சொன்னார். சேக்காட்டில் அவர்களுக்கு "சென்ட்ரல்காரங்க" என்றே பெயர் வந்துவிட்டது. அதே காலையில் தேவரத்னா குழுமத்தின் இன்ஜினியரிங் காலேஜ், நர்ஸிங் காலேஜ், ஓட்டல், சேர்மன் வீடு எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் நுழைந்திருந்தார்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஒருவரை டில்லியில் பிடித்ததில் நூல் கிடைத்து இங்கே வந்ததாகப் பேசிக்கொண்டார்கள்.

இரண்டு நாள் யாரையும் வெளியே விடவில்லை என்று டிவியில் சொன்னது பொய். நர்ஸுகள் ஷிப்ட் முடிந்து போனார்கள், வந்தார்கள். ஆனால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். "இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு வெளியாள் வந்து படுத்தாங்களா?" என்ற கேள்விக்கு, போன சிஸ்டர் எல்லாரும் "எனக்குத் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். சொர்ணமும் அதையே சொல்லத்தான் போனாள்.

அவளை விசாரித்தவர் ஸ்ரீநாத் என்ற இன்ஸ்பெக்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையாக "உக்காருங்கம்மா" என்றார். கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு ஃபைலைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார். தேவரத்னா நர்ஸிங் காலேஜின் ஆசிரியர் பட்டியல். அதில் பதினேழாவது பெயர் எஸ். சொர்ணம், டியூட்டர், ஆறு வருஷ அனுபவம். பக்கத்தில் அவள் போட்டோ. பின்னால் அவளுடைய டிப்ளமோ நகல், பதிவுச் சான்று நகல். கடைசியில் அவள் கையெழுத்து மாதிரியே ஒரு கையெழுத்து.

"இது நீங்கதானா?"

"போட்டோ என்னுது சார். கையெழுத்து என்னுது இல்ல."

"அந்தக் காலேஜ்ல பாடம் எடுத்திருக்கீங்களா?"

"அந்தக் கட்டடத்து வாசப்படிகூட மிதிச்சதில்ல சார்."

பத்திரமாக இருக்கும் என்று வாங்கி வைத்த காகிதத்தை எடுத்து, அவள் பெயரில் ஒரு டீச்சரை உண்டாக்கி ஆறு வருஷமாக உலவவிட்டிருக்கிறார்கள். ராஜம்மா ஒரு நாள் பொய் நோயாளி. இவள் ஆறு வருஷமாகப் பொய் டீச்சர், அதுவும் தனக்கே தெரியாமல். அதற்கப்புறம் அவள் எதையும் மறைக்கவில்லை. வேன், புடவை, ஊசி, சார்ட், யார் சொல்லி எழுதினோம் என்பது எல்லாவற்றையும் சொன்னாள். தானும் எழுதியதைச் சொன்னாள். ஸ்ரீநாத் கம்ப்யூட்டரில் அடித்து, படித்துக் காட்டினார்.

மறுநாள் மத்தியானம் மூன்றாவது மாடியிலிருந்து இரும்பு பீரோவை அப்படியே இறக்கினார்கள். கதவு மேல் துணி ஒட்டி, அரக்கு முத்திரை வைத்திருந்தது. எட்டுப் பேர் தூக்கினார்கள். சொர்ணம் மருந்து டிரேயோடு மாடிப்படி ஓரம் ஒதுங்கி நின்று வழிவிட்டாள். அதற்குள்தான் தன் ஒரிஜினல் இருக்கிறது என்பது பீரோ வேனில் ஏறி, வேன் கேட்டைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சண்முகசுந்தரத்திடம் ஓடினாள். அவர் அன்றைக்கு யார் முகத்தையும் பார்க்கிற நிலையில் இல்லை.

"வந்துடும்மா, வந்துடும்," என்றார். அதுதான் அவர் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு.

மே மாதத்துக்குள் நோயாளிகள் வருவது நின்றது. வார்டு வார்டாகப் பூட்டினார்கள். ஜூனில் நர்ஸுகளை "சொல்லும்போது வந்தா போதும்" என்று அனுப்பிவிட்டு, அப்புறம் சொல்லவே இல்லை. சிஸ்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, பெயர் போடாமல், "சில பேர் வாய் நீளத்தால நம்ம எல்லார் பொழப்பும் போச்சு" என்று எழுதினாள். மற்றவர்கள் அதற்குக் கை கூப்பும் படம் போட்டார்கள். சொர்ணம் குழுவைவிட்டு வெளியே வந்தாள்.

நவம்பரில் ஒரு நல்ல சேதி வந்தது. ஒரிஜினலைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், ஆதார் கார்டோடு வந்து வாங்கிக்கொள்ளலாம். சொர்ணம் கிளம்புவதைப் பார்த்து ராஜம்மா கேட்டாள்: "அந்த சென்ட்ரல்காரங்க ஆபீசு சென்ட்ரல் ஸ்டேஷன்லயே கீதா?" இல்லை, அதையும் தாண்டிப் போக வேண்டும். போனாள். அவளோடு வேலை பார்த்த நூற்றுச் சொச்சம் பேரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனார்கள். அவள் முறை வந்தபோது மேஜையில் இருந்தவர் பட்டியலைப் பார்த்தார், இன்னொரு பட்டியலைப் பார்த்தார், ஸ்ரீநாத்தைக் கூப்பிட்டார்.

ஸ்ரீநாத் அவளைத் தனியாக அழைத்துப் போய் நாற்காலி போட்டார். "உங்களோடதும் இன்னும் பதினோரு பேரோடதும் கேஸ்ல ஆதாரம்மா. ரெண்டு எடத்துல வேலை பாக்கிறதா காட்டின டாக்குமென்ட். கோர்ட்ல ஒப்படைச்சாச்சு. இப்ப எங்க கையில இல்ல."

"நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?" ஆஸ்பத்திரியில் பேசும் திருத்தமான தமிழெல்லாம் அந்த நிமிஷம் அவளிடமிருந்து போய்விட்டது.

"தப்பு பண்ணல. நீங்க எங்க முக்கியமான சாட்சி."

"உண்மையச் சொன்னவ ஒரிஜினல் உள்ள கீது. தெரியாதுன்னு சொன்னவங்க எல்லாம் வாங்கிக்கினு போறாங்க."

சான்றிதழ்கள் இன்ன வழக்கில் கைப்பற்றப்பட்டிருக்கின்றன என்று ஸ்ரீநாத் சீல் வைத்த கடிதம் ஒன்று கொடுத்தார். அவரால் ஆனது அது. மூன்று மாதத்தில் அவரும் மாற்றலாகி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார்.

அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு சொர்ணம் வேலை தேடினாள். எல்லா ஆஸ்பத்திரியிலும் முதலில் அவள் அனுபவத்தைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். கடிதத்தைப் பார்த்ததும் முகம் மாறும். "கேஸு கீஸு ஒண்ணும் வேணாம்மா." கடைசியில் காகிதம் கேட்காத வேலை ஒன்றுதான் கிடைத்தது. மேனாம்பேட்டில் ஒரு அபார்ட்மென்ட் வீட்டில், படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவருக்குப் பகல் நேர ஆள். மூத்திரப் பையை மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, வாய்வழியாகக் கஞ்சி. வீட்டுக்காரர்களுக்கு அவள் நர்ஸ் என்றே தெரியாது. ஆயாம்மா என்று நினைத்தார்கள். அவளும் திருத்தவில்லை.

அந்த வீட்டில், பெரியவர் தூங்கும் நேரத்தில், பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு அரசு நர்ஸ் வேலைக்கான தேர்வுக்குப் படித்தாள். நாற்பத்தொரு வயதில், இருபத்திரண்டு வயதுப் பெண்களோடு உட்கார்ந்து எழுதினாள். தேறினாள். இருபத்து மூன்று மே மாதத்தில் சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. வேம்புலி அந்தக் கடிதத்தை அண்டை வீடெல்லாம் காட்டிவிட்டு வந்தான். கடிதத்தில் கடைசி வரி: அசல் சான்றிதழ்களின்றி வருவோர் அனுமதிக்கப்பட மாட்டார்கள்.

லேமினேட் கடிதத்தோடு போனாள். மேஜையில் இருந்த அம்மாள் அதை இரண்டு முறை படித்தார். "உங்க நெலம புரியுதும்மா. ஆனா ரூல்ல இதுக்கு எடமில்ல," என்றார். பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தார். "டூப்ளிகேட்டாவது வாங்கிட்டு வாங்க."

டூப்ளிகேட் வாங்க வேண்டுமென்றால் ஒரிஜினல் தொலைந்திருக்க வேண்டும். தொலைந்தது என்று போலீசில் எழுதிக் கொடுத்து, தேடிக் கிடைக்கவில்லை என்று அவர்களிடம் எழுதி வாங்கி, தொலைத்தேன் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டேஷனில் எழுத்தர் நல்ல மாதிரி. கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பஸ்ல போறப்ப பையோட போச்சுன்னு நாலு வரி எழுதிக் குடும்மா. அஞ்சு நிமிஷ வேலை."

சொர்ணம் பேனாவை வாங்கினாள். "ஆவடியிலிருந்து பூந்தமல்லி செல்லும் பேருந்தில்" என்பது வரை எழுதினாள். அதற்குமேல் கை போகவில்லை. பொய்யாக எழுதினார்கள் என்று ஒரு பெரிய இடத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னவள் அவள். நாளைக்குக் கோர்ட்டில் அதே டிப்ளமோவை எடுத்துக் காட்டி, "இது பஸ்ஸில் தொலைந்ததாக நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே" என்று ஒரு வக்கீல் கேட்டால்? காகிதத்தைக் கிழித்துக் கையிலேயே கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் வேம்புலி குதித்தான்.

"இன்னாமே, ஊருல எவன்தான் பொய் எழுதாம கீறான்? நாலு வரிம்மே! கவர்மென்ட் வேலம்மே!"

"நானும் எழுதுனவதான். பத்து வருசம் எழுதுனேன். போதும்."

"அன்னிக்கே தெரியாதுன்னு சொல்லிட்டு வந்திருந்தா இந்த ரோதன கீதா? ஒலகத்துக்கே நீ ஒருத்திதான் அரிச்சந்திரியா?"

"தெரியாதுன்னு சொன்னாலும் என் பேரு அந்த லிஸ்ட்ல இருந்திருக்கும்யா. பீரோ போயிருக்கும். என் ஒரிஜினல் உள்ளதான் இருந்திருக்கும். உண்மையச் சொன்னதால போகல. வேலைல சேந்தப்ப அந்த ஆபீசரு கையில குடுத்தனே, அன்னிக்கே போச்சு."

வேம்புலி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பதினைந்தாவது நாள் போயிற்று. தேறியவர்கள் பட்டியலில் அடுத்த எண்ணுக்காரி யாரோ அந்த இடத்துக்குப் போனாள்.

அந்த ஜூன் மாதத்தில்தான் இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. தேவரத்னாவில் படிக்கும் மாணவர்களின் எதிர்காலத்தை உத்தேசித்து, புது வருஷச் சேர்க்கைக்கு இடைக்கால அனுமதி. சேர்மன் வெளிநாட்டில் இருக்கும் மகள் பிரசவத்துக்குப் போய்வர, கோர்ட்டில் ஒப்படைத்திருந்த அவருடைய பாஸ்போர்ட்டை எட்டு வாரத்துக்குத் திருப்பிக் கொடுக்க உத்தரவு.

மேனாம்பேட்டு வீட்டில் பெரியவருக்குப் பேப்பர் படித்துக் காட்டும்போது சொர்ணம் இதைப் படித்தாள். பாஸ்போர்ட் என்ற வார்த்தையில் நின்றுவிட்டாள். பெரியவர் கையை அசைத்து, மேலே படி என்று சைகை காட்டினார். அவளால் படிக்க முடியவில்லை. கேஸே அவர் மேல்தான். அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கிற கோர்ட், இவள் காகிதத்தை மட்டும் பிடித்து வைத்திருக்கிறது. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். வாழ்க்கையில் அவள் சொல்லாத வார்த்தை அது. சொல்லியும் ஆத்திரம் அடங்கவில்லை.

மறுவாரம் இலவச சட்ட உதவிக்குப் போய் நின்றாள். அங்கே கிடைத்த வக்கீல் ரேஷ்மா, பூந்தமல்லிக்காரி, வக்கீலாகி நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. சொர்ணம் பேப்பர் துண்டை மேஜைமேல் வைத்தாள்.

"அவருக்கு மட்டும் எப்படிங்க குடுத்தாங்க?"

"அவர் கேட்டாருக்கா," என்றாள் ரேஷ்மா. "பெட்டிஷன் போட்டு, பெரிய வக்கீல் வெச்சுக் கேட்டாரு. நீங்க யார்கிட்ட கேட்டீங்க? ஆபீஸ்ல கேட்டீங்க. கோர்ட்ல கேக்கலயே."

"கேட்டாதான் குடுக்கணுமா? எனக்கு யாராவது சொன்னாங்களா, அங்க போய்க் கேக்கணும்னு?"

"சொல்லியிருக்கணும்," என்றாள் ரேஷ்மா.

ஆகஸ்டில் பெட்டிஷன் போட்டார்கள். அதற்குப் பதினான்கு மாதம் பிடித்தது. ஒரு வாய்தாவில் நீதிபதி விடுப்பு. ஒரு வாய்தாவில் வக்கீல்கள் புறக்கணிப்பு. ஒரு வாய்தாவில் விசாரணை அமைப்பின் தரப்பில் பதில் மனு தயாராகவில்லை. ஒரு வாய்தாவில் எல்லாரும் இருந்தார்கள், வழக்குக் கட்டு மட்டும் மேல் கோர்ட்டுக்குப் போயிருந்தது. சேர்மன் தரப்பு வக்கீல் எழுந்து, ஆதாரங்களை வெளியே விட்டால் தங்கள் கட்சிக்காரருக்குப் பாதகம் என்று ஆட்சேபித்தார். அந்தக் கட்சிக்காரர் அப்போது இரண்டாவது முறையாக வெளிநாடு போயிருந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சொர்ணம் ஆவடியில் ரயிலேறிப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, கோர்ட் டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடும்போது எழுந்து நின்று, ஒரு நிமிஷத்தில் தேதி வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

இருபத்து நாலு அக்டோபரில் உத்தரவு ஆனது. உறுதிச் சான்றிட்ட நகல்களைக் கோர்ட்டில் வைத்துக்கொண்டு, ஒரிஜினலைக் கொடுக்கலாம். எப்போது கேட்டாலும் கொண்டுவந்து காட்ட வேண்டும். கையில் வாங்க டிசம்பர் ஆனது.

கிளார்க் உறையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஐந்துதான் இருந்தன. சாதிச் சான்றிதழ் இல்லை. கைப்பற்றியபோது எழுதிய மகஜரில் ஆறு என்று இருக்கிறது, உறையில் ஐந்து. எங்கே நழுவியது என்று யாருக்கும் தெரியவில்லை. ரேஷ்மா அதற்கு வேறு ஒரு பெட்டிஷன் போட வேண்டும் என்றாள். சொர்ணம் தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள். அதைத் தாலுகா ஆபீஸில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். நல்ல வேளையாக அதற்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை, இது நிஜமாகவே தொலைந்துதான் போயிருந்தது.

டிப்ளமோவின் இடது ஓரத்தில், வழக்குக் கட்டோடு சேர்த்துக் கோத்ததில் இரண்டு ஓட்டை. அவள் பெயருக்கு மேலேயே ஊதா முத்திரை குத்தி, சிவப்பு மையில் வழக்கு எண் எழுதியிருந்தது. அடுத்த மாதம் மேனாம்பேட்டிலேயே புதிதாகத் திறந்த டயாலிசிஸ் சென்டரில் நேர்முகத்துக்குப் போனபோது, மேனேஜர் அருள்மொழி அந்த முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது என்னங்க?" என்றார். அவள் முதலிலிருந்து சொன்னாள். மூன்று வருஷத்தில் எத்தனையாவது முறை சொல்கிறாள் என்பது அவளுக்கே மறந்துவிட்டது. இந்த முறை மட்டும் கேட்டவர் முகம் மாறவில்லை. வேலை கொடுத்தார். பழைய சம்பளத்தைவிடக் குறைவு. ஆனால் சட்டையில் பெயர்ப் பட்டை, அதில் ஸ்டாஃப் நர்ஸ் என்று இருந்தது. நரம்பு கிடைக்காத கைகள் அங்கே நிறைய.

மூல வழக்கில் சாட்சிக்கூண்டில் ஏற இருபத்தைந்து ஏப்ரல் ஆனது. அதற்குள் சண்முகசுந்தரம் மாரடைப்பில் இறந்துபோயிருந்தார். ஆஸ்பத்திரியை வேறு ஒரு டிரஸ்டுக்கு மாற்றி, வேறு பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். ஓட்டல் அப்படியே இருந்தது.

அரசுத் தரப்பு கேட்டதற்கெல்லாம் சொர்ணம் ஸ்ரீநாத்திடம் சொன்னதையே சொன்னாள். பிறகு சேர்மனின் வக்கீல் எழுந்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை. சிரித்த முகமாகவே கேட்டார்.

"அம்மா, இந்தக் கேஸ் ஷீட்டெல்லாம் உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"இதுல இருக்கிறது பொய்."

"ஆமாங்க."

"அப்ப நீங்க பொய் எழுதக்கூடியவங்க. இன்னிக்குச் சொல்றது மட்டும் உண்மைன்னு கோர்ட் எப்படி நம்பும்?"

சொர்ணம் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கேள்வியை அவள் தன்னிடமே பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அய்யா, அன்னிக்கு எழுதலன்னா என் வேலை போயிருக்கும். எழுதினேன். இன்னிக்குச் சொல்றதையே அப்ப சொன்னதுல என் வேலை போச்சு. சொன்னேன். எது பொய், எதுக்கு நான் பொய் சொல்லணும்னு அய்யா நீங்களே பாருங்க."

நீதிபதி தலையைத் தூக்கிப் பார்த்தார். "ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்கம்மா," என்றார், கடுமையில்லாமல். தட்டெழுதுகிறவருக்கு அதில் எவ்வளவை எழுதச் சொன்னார் என்று அவளுக்குக் கேட்கவில்லை. இன்னும் முப்பது கேள்வி இருக்கிறது என்றார் வக்கீல். நேரமாகிவிட்டது. மீதிக் குறுக்கு விசாரணை ஜூலை இருபத்திரண்டுக்கு என்று தள்ளிவைத்தார்கள்.

மறுநாள் டயாலிசிஸ் சென்டரில், முதல் ஷிப்ட் நோயாளிகளை மெஷினில் இணைத்துவிட்டு, அருள்மொழியின் அறைக்குப் போய் ஜூலை இருபத்திரண்டுக்கு லீவ் கேட்டாள். அவர் காலண்டரைப் பார்த்தார். அன்றைக்கு இரண்டு சிஸ்டர்கள் ஏற்கெனவே லீவ்.

"சிஸ்டர், இந்த ஒரு தடவையோட முடிஞ்சிடுமா?"

"தெரியாது சார்," என்றாள். "அவங்க இன்னும் முப்பது கேள்வி வெச்சிருக்காங்க."

அருள்மொழி பெருமூச்சு விட்டு, லீவ் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். காரணம் என்ற கட்டத்தில் "கோர்ட் சாட்சி" என்று எழுதினாள். உள்ளே மூன்றாம் நம்பர் மெஷின் கூவ ஆரம்பித்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.